லோரி அக்கா முதுகலைக்குச் சம்பந்தம் பேசிய கதை

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மாட்டுக்காக நின்ற லோரிகள் ஆயிரம் இருக்கும். மாட்டைப் பேட்டி எடுக்க நின்ற லோரி ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டியவர் லோரி அக்கா.

அவருடைய சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடை மேடைக் கிராணி, அதாவது எழுத்தர். தோட்டங்களிலிருந்து செம்பனைப் பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுத்து ரசீது கொடுப்பது என் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சின்ன ஓட்டை வழியாகப் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். அந்த இரண்டாவது வசதிக்காகத்தான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

மற்றவர்கள் லோரியில் பாட்டு ஓடும். அக்காவின் லோரியில் புள்ளியியல் பாடம் ஓடும். வார இறுதி வகுப்பில் சேர்ந்து, ஓட்டிக்கொண்டே பாடம் கேட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் மனோவியலில் பட்டம் வாங்கிவிட்டார். பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு கறுப்பு அங்கியில் லோரியை ஓட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். குலை இறக்கும்போதாவது அதைக் கழற்றி வையுங்கள் என்றேன்.

"வாடகை அங்கி தம்பி. சாயங்காலம் வரைக்கும் காசு கட்டியிருக்கு. சும்மா விட முடியுமா?"

பட்டத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரைப் பாராட்டிவிட்டு மறந்திருக்கும். மாடு விடவில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் மாடுகள் நட்டநடு ரோட்டில் படுத்திருக்கும். சில லோரிகளுக்கு எழுந்து வழிவிடும். சிலவற்றுக்கு விடாது. ஏன் என்பது அக்காவின் கேள்வி. பதிலையும் அவரே வைத்திருந்தார். மாடு ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கிறதாம், அவசரக்காரனுக்கு எழுந்திருக்காதாம். இதை நிரூபிக்க அவர் லோரியை நிறுத்தி இறங்கி, மாட்டின் எதிரில் குந்தி, முகத்தை விதவிதமாக மாற்றிக் காட்டுவார். ஒரு கோபம். ஒரு சிரிப்பு. தேவைப்பட்டால் ஓர் அழுகை. பின்னால் நிற்கும் லோரிகள் ஹாரனால் கதறும். மாடு அசைபோட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதையே ஆராய்ச்சியாக எழுதி முதுகலைப் பட்டம் வாங்குவது என்று முடிவு செய்தார். மனோவியல் துறைக்கு விண்ணப்பம் போனது. மாடு எங்கள் துறையில் வராது என்று பதில் வந்தது. விவசாயத் துறைக்குப் போனது. உங்கள் பட்டம் எங்கள் துறையில் வராது என்றார்கள். மூன்றாவது பல்கலைக்கழகம் மட்டும், வழிகாட்ட ஒரு பேராசிரியர் சம்மதித்தால் பார்க்கலாம் என்றது. அந்தப் பேராசிரியருக்கு அக்கா மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு நாள் லோரியை எடை மேடையில் ஏற்றிவிட்டு, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்தார்.

"தம்பி, தப்பு நம்ம மேலதான். வெறும் ஜாதகத்த அனுப்பிட்டு உக்காந்திருந்தா எவன் பொண்ணு குடுப்பான்? நேர்ல போயி, தட்டு வச்சு, முறையா கேக்கணும்."

"யாரு அக்கா போறது?"

"நீயும் உன் வீட்டுக்காரியும்தான். எனக்கு வேற யாரு இருக்கா?"

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் அவர் செய்துகொள்ளவில்லை. ரசீதை நீட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஐந்து பித்தளைத் தட்டுகளை என் மனைவி புளி போட்டுத் துலக்கி எடுத்தாள். வெற்றிலை பாக்கு ஒன்றில். பழம் ஒன்றில். தேங்காய் ஒன்றில். லட்டு ஒன்றில். ஐந்தாவதில் அக்காவின் பட்டச் சான்றிதழ், மூலையில் சந்தனப் பொட்டோடு. மூவரும் லோரியின் முன்சீட்டில் தட்டுகளும் கையுமாக நெருக்கி உட்கார்ந்த பிறகுதான் மனைவிக்கு நினைவு வந்தது.

"நல்ல காரியத்துக்கு மூணு பேரா போகக் கூடாதே அக்கா."

"பின்னால ஒரு லோரி குலை வருதுல்ல. அதையும் சேத்துக்க."

உண்மைதான். சாயங்காலத்துக்குள் ஆலைக்குக் கொடுக்க வேண்டிய குலைகளோடுதான் பெண் கேட்கப் போனோம்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அங்கே வாசலில் இருந்த காவலர் எங்களை இன்னும் மறந்திருக்க மாட்டார். வயதான மலாய்க்காரர். லோரியைப் பார்த்ததும், கட்டட வேலை நடக்கும் இடம் பின்பக்கம் என்று கை காட்டினார்.

"இல்ல பாக்சிக், சம்பந்தம் கேட்டு வந்திருக்கோம்," என்று அக்கா அவரை மாமா முறை வைத்து மலாயில் சொன்னார்.

காவலர் எட்டி உள்ளே பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு?"

அக்கா பேராசிரியரின் பெயரைச் சொன்னார்.

"டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே," என்றார் காவலர் மிகுந்த வருத்தத்தோடு. பிறகு என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை இவரா?"

நான் தேங்காய்த் தட்டை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன். எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் சிரித்த சிரிப்பில் லோரி குலுங்கியது. அக்கா விளக்கிச் சொல்லி முடித்தபோது, காவலர் தலையை ஆட்டிக்கொண்டே தடையை உயர்த்தினார். அவருக்குப் புரிந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

பேராசிரியர் சின்ன உருவம். முக்காடு, விளையாட்டுக் காலணி. மேசையில் ஐந்து தட்டுகள் வரிசையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்றார்.

"வாங்க வேணாம் டாக்டர். சாப்பிடுங்க. மிச்சத்த இந்தப் பிள்ளைங்களுக்குக் குடுங்க," என்று அக்கா கதவைத் திறந்துவிட்டார். தாழ்வாரத்தில் போன மாணவர்கள் லட்டின் வாசனைக்கு உள்ளே வந்தார்கள். பேராசிரியர் மட்டும் எதையும் தொடவில்லை. அக்காவின் ஆராய்ச்சித் திட்டத்தை எடுத்துப் படித்தார்.

"உங்கள் கருத்து தவறு என்று நினைக்கிறேன்," என்றார். "மாடு முகத்தைப் பார்க்க லோரிக் கண்ணாடி ரொம்ப உயரம். வெளிச்சம் வேறு பளபளக்கும். அது சத்தத்தைத்தான் கேட்கும்."

"அப்ப நான் கீழ குந்தி மூஞ்சியக் காட்டினேனே, அது?"

"அது உங்களை இன்னொரு மாடு என்று நினைத்திருக்கலாம்."

அரை மணி நேரம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பேராசிரியரே எல்லாவற்றிலும் ஜெயித்தார். அக்காவின் முகமோ ஒவ்வொரு தோல்விக்கும் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் பேராசிரியர் சொன்னார்: "வழிகாட்ட எனக்குச் சம்மதம். ஆனால் முடிவு என் கையில் இல்லை. குழு உங்களைப் பற்றி விசாரிக்கும்."

"விசாரிக்கட்டும். நல்ல குடும்பம்னா விசாரிக்கத்தான் செய்யும்," என்றார் அக்கா. பரிந்துரைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் அவருடைய பழைய விரிவுரையாளர். இன்னொருவராக என் பெயரையும் எண்ணையும் கொடுத்தார். நான் மறுப்பதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் லோரி புஞ்சாக் ஆலாம் ஊரைத் தாண்டும்போதுதான் மனைவி தன் மடியைப் பார்த்தாள்.

"அக்கா, தட்டு?"

"விட்டுட்டு வந்துட்டேன்."

"ஐயோ, அது எங்க கல்யாணத் தட்டுக்கா. திரும்பிப் போவோம்."

"தெரிஞ்சேதான் விட்டேன். வெறுந்தட்ட யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? நம்ம ஆளுங்களும் குடுக்க மாட்டாங்க, மலாய்க்காரவங்களும் குடுக்க மாட்டாங்க. எதையாச்சும் வச்சுத்தான் குடுக்கணும். பேசாம வா."

வீடு வரும்வரை மனைவி பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நிறுத்தவில்லை. அவளுடைய அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். சீர் கொண்டுபோகத் தட்டு வேண்டும். வாரங்கள் ஓடின. தட்டும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அக்கா வாய் ஓயாமல் பேசுகிற ஆள். இப்போது எடை மேடையில் ஏறியதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். குழுவிலிருந்து யாரும் அழைக்கவில்லை என்று தலையாட்டுவேன். ஒரு நாள், "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி எங்கயும் கேக்க மாட்டேன் தம்பி," என்றார். லோரியில் பாடம் ஓடவில்லை. பாட்டு ஓடியது. எனக்குப் பயமாகிவிட்டது.

குழுவிலிருந்து அழைப்பு வந்தது ஒரு மத்தியான வேளையில். ஓர் ஆண் குரல், நல்ல மரியாதையான மலாய். விண்ணப்பதாரர் குறை சொன்னால் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டது. நான் வழக்கம்போல் பேசாமல் இருந்தேன். தொடர்பு அறுந்துவிட்டதா என்று கேட்டது. அறுந்துவிட்டது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பாட்டு ஓடிய அந்த லோரி நினைவுக்கு வந்தது.

"காய் குலை கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்," என்றேன். "மற்ற ஓட்டுநர்கள் கோபித்துக்கொண்டு வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள். இவரும் சண்டை போடுவார். பயங்கரமாகப் போடுவார். ஆனால் மறுநாள் காலையில் ஆலை வாசலில் நிற்கிற முதல் லோரி இவருடையதாகத்தான் இருக்கும். பழுத்த குலையோடு."

அந்தப் பக்கம் எழுதும் ஓசை கேட்டது. வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அதோடு நன்றி சொல்லி வைத்திருக்க வேண்டும். பல வருடம் பேசாத வாய், திறந்த பிறகு மூடத் தெரியவில்லை.

"டாக்டரிடம் தட்டைக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து தட்டு. பித்தளை. வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை."

"என்ன தட்டு?" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு மனுஷியின் படிப்பைத் தட்டு கேட்டுக் கெடுத்தவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடம் சொன்னபோது அவளும் முதல்முறையாக, "தட்டு கெடக்குதுங்க. நீங்க ஏன் அதக் கேட்டீங்க?" என்றாள்.

அடுத்த வாரம் லோரி வரிசைக்கு நடுவில் ஒரு சின்னக் கார் எடை மேடையில் ஏறியது. பழக்கதோஷத்தில் நிறுத்து ரசீது நீட்டினேன். கையை நீட்டி வாங்கியவர் பேராசிரியர்.

"தட்டு கேட்டவர் நீங்கள்தானே?" என்றார்.

காரின் பின்பக்கத்தைத் திறந்தார். எங்கள் ஐந்து தட்டுகளும் ரிப்பன் கட்டி மின்னின. ஒன்றில் மாடுகளைப் பற்றிய கட்டுரைகள், அடுக்கடுக்காக. ஒன்றில் மழைக்கால ரப்பர் பூட்ஸ், ஆய்வுக்கூடத்து இரவல். ஒன்றில் பேரீச்சம்பழம். ஒன்றில் மஞ்சள் சோறு. ஐந்தாவதில் அக்காவின் சான்றிதழ், அதே சந்தனப் பொட்டோடு. பக்கத்தில் முதுகலை அனுமதிக் கடிதம். இவை தவிர, விளிம்பில் பொன்நிறப் பூப்போட்ட இரண்டு தட்டுகள், பலகாரத்தோடு.

"அனுமதி குழு கொடுத்தது, தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை," என்று கண்டிப்பாகச் சொன்னார். "ஆனால் ஐந்து வந்தால் ஏழாகத் திரும்ப வேண்டும். அது எங்கள் வழக்கம்."

வரிசையில் பின்னால் நின்ற அக்கா இறங்கி வந்தார். தட்டுகளைப் பார்த்தார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு என் கண்ணாடி ஓட்டையில் குனிந்தார்.

"விசாரிச்சாங்களா தம்பி?"

"விசாரிச்சாங்க."

"நல்லாச் சொன்னியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது அக்கா காலையில் லோரியிலும் மத்தியானம் மாட்டோடும் இருக்கிறார். இதுவரை கண்டுபிடித்ததெல்லாம் அவர் கருத்து தவறு என்பதுதான். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். பேராசிரியரின் இரண்டு தட்டுகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. வெறும் தட்டாகத் திருப்பித் தர முடியாது. படிப்பு முடிகிற அன்று நிரப்பிக்கொண்டு மூவரும் மறுபடி லோரியில் போவதாக ஏற்பாடு. மூன்று பேராகப் போகக் கூடாது, ஒரு மாட்டையும் ஏற்றிக்கொள்வோம் என்கிறார் அக்கா.

வாசல் காவலரிடம் இந்த முறை நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.