மூன்று கால் யானை

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதற்குச் சம்பளம் உண்டென்றால் எங்கள் சக்கரவர்த்தி கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பேட்டை முழுவதையும் விலைக்கு வாங்கியிருப்பார். மலாயாவில் அவருக்கு இணையான கர்வியை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கும் ஆசையும் இல்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் நான் கிராணி. ஆர்டர் எழுதுவது, கணக்குப் பார்ப்பது, முதலாளியிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா. சக்கரவர்த்தி அங்கே படம் போடுகிறவர். சோப்பு உறை, தைலப் புட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், எதுவானாலும் அவர் கைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. 'சித்திரச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை அவரே தமக்குச் சூட்டிக்கொண்டார். சபை கூட்டுகிற செலவு, மாலைச் செலவு எல்லாம் மிச்சம்.

உச்சி வெயிலிலும் கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். வெள்ளைக்காரத் துரைகளே கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொள்ளும் வெயில் அது. மையில் புரளுகிற வேலைக்குக் கோட்டு எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கிராணி, நீ பேனா பிடிக்கிறவன். உனக்குச் சட்டை போதும். பிரஷ் பிடிக்கிறவனுக்குக் கோட்டு வேணும்" என்றார்.

சரி, அந்த பிரஷ்ஷில் என்ன வந்தது? மூக்கு வந்தது. கூந்தல் தைலத்து அழகி, பேதி மருந்துக் குழந்தை, மகாலட்சுமி, எல்லோருக்கும் ஒரே மூக்கு. அது சக்கரவர்த்தியின் சொந்த மூக்கு. அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே அது வந்துவிடும். தைலக் கம்பெனிக்காரர் தயங்கித் தயங்கி முறையிட்டார்.

"ஏங்க, பொம்பளைக்கு மூக்கு கொஞ்சம்..."

"மூக்கை ஏன் பார்க்கிறீங்க? கூந்தலைப் பாருங்க. நீங்க விக்கிறது தைலமா, மூக்குப்பொடியா?"

கம்பெனிக்காரர் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அந்த அழகி அதே மூக்கோடு கோலாலம்பூர் முழுவதும் பவனி வந்தாள்.

மூக்கையாவது மன்னிக்கலாம். கையெழுத்தை மன்னிக்க முடியாது. எதை வரைந்தாலும் கீழே கொட்டை எழுத்தில், சுற்றிலும் கொடி பூவெல்லாம் விட்டு, 'சித்திரச் சக்கரவர்த்தி' என்று போடாமல் விடமாட்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். கருமாதிப் பத்திரிகைக்கு அவர் முகத்தை வரையச் சொன்னார்கள். வரைந்தார். முகத்துக்கு நேர் கீழே தமது கையெழுத்தை வைத்தார். செத்தவர் பெயர் அதற்கும் கீழே எறும்பு மாதிரி ஊர்ந்தது. கருமாதிக்குக் கிள்ளானிலிருந்து வந்த உறவினர்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள்.

"சித்திரச் சக்கரவர்த்தின்னு பட்டம் வாங்குற அளவுக்கு இருந்திருக்காரே! ஒரு வார்த்தை வெளிய சொல்லலையே, மனுசன்!"

செத்தவர் பென்சில்கூடப் பிடித்தறியாதவர். குடும்பத்தார் மறுக்கவில்லை. மறுநாள் வந்து இன்னும் கொஞ்சம் பத்திரிகை அடித்து வாங்கிப் போனார்கள். சக்கரவர்த்தியோ தமது புகழ் சுடுகாடுவரைக்கும் பரவிவிட்டது என்று ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

இப்படியே போயிருந்தால் தொல்லை இல்லை. குறுக்கே யானை வந்தது.

கிள்ளானில் ராவுத்தர் ஒருவருக்குக் கறித்தூள் வியாபாரம். யானை மார்க். காப்பார், காஜாங் பக்கத்துத் தோட்டக் கடைகளில் அதுதான் ஓடும். வாங்குகிறவர்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அபூர்வம். தமிழனோ மலாய்க்காரனோ சீனனோ, படத்தைப் பார்த்துத்தான் சாமான் வாங்குவார்கள். அந்தப் படத்துக்குச் சாப்பு என்று பெயர். சாப்பு மாறினால் சாமானே மாறிவிட்டது என்று அர்த்தம். இது எங்கள் அச்சகத்துப் பூனைக்கும் தெரியும்.

பழைய யானையை எந்தப் புண்ணியவான் போட்டானோ, மூன்று கால்தான் போட்டிருந்தான். நாலாவது காலுக்கு இடம் கிடந்தது, மறந்துவிட்டான் போலிருக்கிறது. உடம்பு அரிசி மூட்டை. முகம் பன்றி. துதிக்கை ஒன்று இருந்ததால் யானை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது லேபிள் அச்செல்லாம் கல்லில். வழுவழுப்பான கல் பலகையில் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். உலகத்தையே மாற்றிப் பார்க்கிறவருக்கு அது சிரமமாக இல்லை. மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தால் படம் போய்விடும், கல் அடுத்த வேலைக்கு ஆகும். ராவுத்தர் இன்னும் கொஞ்சம் லேபிள் அடிக்கச் சொன்னதும் சக்கரவர்த்தி யானைக் கல்லை எடுத்துப் பார்த்தார்.

"யானைக்கு மூணு காலா? இந்த அசிங்கம் நான் இருக்கிற இடத்துலயா?"

யாரையும் கேட்கவில்லை. மணலைக் கொட்டினார், தேய்த்தார், பழைய யானை சாக்கடையில் ஓடியது. புது யானை எழுந்தது. நெற்றிப்பட்டம் என்ன, தூக்கிய துதிக்கை என்ன, தூண் தூணாக நாலு கால் என்ன! கீழே யானையைவிட அகலமாகக் கையெழுத்து. முதலாளி வாயைப் பிளந்தார். ராவுத்தர் "மாஷா அல்லா" என்று லேபிள்களைக் கட்டிக்கொண்டு போனார். சாப்பு மாறுகிறதே என்று நான் சொன்னேன். கிராணி சொல்லை யார் கேட்டார்கள்?

மாதம் முடிவதற்குள் பொட்டலங்கள் லோரி ஏறித் திரும்பி வந்தன. காஜாங் கடைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, மலாய் மொழியில் "இனி காஜா லாயின் லா!" என்று முகத்திலேயே வீசினானாம். இது வேறு யானையாம். ராவுத்தர் அச்சகத்துக்குள் புயலாகப் புகுந்தார்.

"என் தூளைப் போலிங்கிறானுங்கய்யா! என் தூளை நானே போலி பண்ணி விக்கிறேனாம்!"

முதலாளி சக்கரவர்த்தியைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பழைய யானை வரணும். இல்லேன்னா கோட்டை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு."

"கையை வெட்டிக் கொடுக்கிறேன். நொண்டி யானை போடமாட்டேன்."

வீரம்தான். ஆனால் நடையைக் கட்டி எங்கே போவது? சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவரைத் துரத்தாத அச்சகம் பாக்கி இல்லை. அச்சகத்தின் பின்கட்டில்தான் பாய் விரித்துப் படுத்திருந்தார். அந்தப் பாயும் போனால் தெருதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீயே வந்து சனங்களைக் கேளு" என்று ராவுத்தர் அவரை லோரியில் ஏற்றினார். சாட்சிக்கு நானும் ஏறினேன். காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துக் கடை. ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகும் பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். சக்கரவர்த்தி கோட்டைச் சரிசெய்துகொண்டு புதுப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஏம்மா, யானைக்கு எத்தனை காலு?"

"நாலுங்க."

"இதுக்கு?"

"நாலு."

"அப்புறம் என்ன? வாங்கிட்டுப் போ."

"இது எங்க யானை இல்லீங்களே. எங்க யானைக்கு மூணு காலு."

"அதைப் போட்டவன் மடையன்மா!"

"இருக்கட்டுங்க. பாவம், ஒரு காலு இல்லாம இத்தனை வருசமா நிக்குது. அதை எப்படிங்க விடுறது? எம் புள்ள காலிப் பொட்டலத்தைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவான். உங்க யானைக்கு என்ன குறைச்சல்? யாரு வேணா வாங்குவாங்க." பிறகு உற்றுப் பார்த்து, "கீழ என்னமோ பெரிசா எழுதியிருக்கே, அது என்னங்க?" என்றாள்.

சக்கரவர்த்தி உள்ளங்கையால் கையெழுத்தை மறைத்துக்கொண்டு பொட்டலத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டார். நேரே போய் லோரியில் ஏறிக்கொண்டார். 

மறுநாள் காலையில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே சட்டை என்று ஒன்று இருந்தது, முதுகுப் பக்கம் பாதிதான் இருந்தது. நான் பார்க்காதவன் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். தம்முடைய யானைமேல் மணலைக் கொட்டி, தாமே தேய்த்தார். பழைய லேபிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தார். வரவில்லை. அழகாகவே வந்து தொலைத்தது. அழித்தார், போட்டார், மறுபடி அழித்தார். "வயிறு இன்னும் தொங்கணும்... கண்ணு இன்னும் முழிக்கணும்..." என்று முணுமுணுத்துக்கொண்டே கிடந்தார்.

வெள்ளிக்கிழமையன்று மாதிரி அச்சு வந்தது. அதே மூட்டை, அதே பன்றி, அதே மூன்று கால். கீழே வெறும் காகிதம்.

"கையெழுத்து எங்கே?" என்றேன்.

"இது வேற எவனோ போட்ட யானை, கிராணி. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

காய்ச்சலோ என்று பயந்துபோனேன். நல்லவேளை, அடுத்த நிமிஷமே தெளிந்துவிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, "ஆனா பாரு, இவ்வளவு மோசமா போடுறதுக்கு மலாயாவிலேயே என்னை விட்டா ஆள் கிடையாது!" என்றார்.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. அச்சகம் போயிற்று, சக்கரவர்த்தி எங்கே போனார் என்று எவ்வளவோ பேரிடம் விசாரித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அந்த யானை மட்டும் இன்னும் கடைகளில் மூன்று காலில் நிற்கிறது. உள்ளே இருக்கும் தூளில் காரமும் கிடையாது, மணமும் கிடையாது என்று என் மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை பிடிக்கிறாள். வேறு மார்க் கறித்தூள் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் இன்றுவரை வந்ததில்லை.