முன்கூட்டியே உறைந்த சோயாப் பால்

ஈப்போ,
16.7.1983

மதிப்பிற்குரிய பத்துமலை மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் செல்லாயி பணிவோடு எழுதுவது. இங்கே அம்மாவும் அப்பாவும் மூன்று கோழிகளும் நலம். தெலுக் இந்தானில் அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் இடைநிலைப்பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன் அல்லவா, சென்ற செவ்வாய்க்கிழமை அங்கே சதாசிவம் என்று ஓர் அதிகாரி வந்தார். விவசாயத்திலும் உணவுத் தொழில்நுட்பத்திலும் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று ஐந்தாம் படிவ மாணவர்களுக்குச் சொல்ல வந்தவர், சோயாப் பாலைக் கட்டியாக்கிக் காட்டுவதற்காகச் சட்டி நிறையச் சூடான பாலையும் பக்கத்தில் ஒரு போத்தல் புளிப்புக் காடியையும் எங்கள் கேண்டீனில் வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். மாமா, செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா ரப்பர் பாலை உறைய வைக்கக் காடி ஊற்றும்போது பக்கத்திலேயே நின்று வளர்ந்தவள் நான். வெள்ளையாகப் பாலும் பக்கத்தில் காடியும் இருந்தால் என் கை சும்மா இருக்குமா? காடியில் தண்ணீர் கலந்தேன், ஊற்றினேன், மெதுவாகக் கிண்டினேன், நுரையை வழித்தேன், மூடியும் வைத்தேன். பிறகுதான் என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் சட்டியை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் தேநீர்த் தட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

இப்போது இது பால், பத்து நிமிடத்தில் கட்டி என்று சொல்லி அதிகாரி மூடியைத் திறந்தார். உள்ளே கட்டி. யார் செய்தது என்று கேட்டார். என் தட்டில் கிளாஸ்கள் கிணுகிணுவென்று ஆடியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். "உருட்டிக் காயப் போட்டா ரப்பர் ஷீட்டு ஆயிடும்லா" என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, மண்டபமே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்காமல் விரலால் அழுத்திப் பார்த்து, அளவு எப்படித் தெரியும் என்றார்.

"கூடுனா கல்லு மாதிரி ஆயிடும் சார், குறைஞ்சா கொழகொழன்னு நிக்கும். எங்கப்பா தொட்டிக்கு ரெண்டு கோப்பை ஊத்துவாரு" என்றேன். எந்தப் படிவம் வரை படித்தாய் என்றார். "மூணோட நின்னுட்டேன் சார்."

தொழிற்சாலை ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் கைதான் வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, இரண்டு வருடப் பயிற்சிக்கு ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். மூன்றாம் படிவம் தேறியிருந்தாலே போதுமாம். மாதக் கடைசிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பாரத்தின் தலைப்பிலேயே விவசாயம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அப்பா அதைத் தோட்ட வேலை என்றே நினைப்பார். தோட்டத்தை விட்டு வந்த அன்று, இனி நம் வீட்டில் யாரும் காடி வாடை முகரக் கூடாது என்று அப்பா அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாரே, அன்றிலிருந்து மீன் ஊறுகாய்க்குக்கூடக் காடி கிடையாது. பாரம் நான்கு நாளாக அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது. இது வெள்ளை அங்கி போட்டுக் கட்டடத்துக்குள் செய்யும் வேலை என்று நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். நான் கூப்பிட்டது அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியோடு உங்கள் குரலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செல்லாயி

பி.கு.: மச்சானுக்குச் செல்லாயியின் அப்பா அப்பாவு எழுதுவது. தபால்தலை கேட்டு வந்தாள். எதற்கு என்றேன். கடிதத்தையே நீட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அரிசி டின்னுக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டியதில்லை. ஆனால் சபையில் தொட்டிக்கு இரண்டு கோப்பை என்று சொல்லியிருக்கிறாள். மூன்று, மச்சான். அதிகாரி தப்பாக நினைக்கக் கூடாதென்று பாரத்தின் பின்பக்கம் முழுவதும் சரியான அளவுகளை எழுதிவிட்டேன். மை முன்பக்கமும் ஊறிவிட்டது. வேறு பாரம் வாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு நீங்கள் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.