பேர் சொல்லிவிட்டு உள்ளே வாங்க

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். உலகத்திலேயே மனிதர்களை மாட்டுக்கு அறிமுகம் செய்துவைத்த ஒரே ஆள், சேரப்பணஞ்சேரியில் இருந்த எங்கள் குட்டைமாட்டார்தான்.

ரேஷன் கடைக்காரர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார். ஏரியை ஒட்டிய அவர் கொல்லையில் புங்கனூர்ப் பசு மூன்று, காளை ஒன்று. இடுப்பு உயரம்கூட இருக்காது. காலைப் பனியில் அவை மேயும்போது, பக்கத்திலேயே நின்றாலும் எங்கேயோ தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். கையை நீட்டினால் ஈர மூக்கு தட்டும். கனவுக்குள் கை விட்டதுபோல இருக்கும்.

அந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையைத் திறந்துவிடுவார். மறைமலை நகர் தொழிற்சாலைக் குடும்பங்கள் பஸ் ஏறி வரும். டிக்கெட் கிடையாது. மாட்டின் எதிரே நின்று பேர், ஊர், காலையில் சாப்பிட்டது மூன்றும் சொல்ல வேண்டும். மாட்டின் முன்னால் பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஒருமுறை சூப்பர்வைசர் ஒருவர் பேர், ஊர் சொல்லிவிட்டு, "இட்லி" என்றார். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சார், அது நம்பல," என்றார் குட்டைமாட்டார்.

"பழைய சோறுய்யா," என்றார் அவர் மெதுவாக. மாடு அவர் கையை நக்கியது.

"மாவு புளிக்கல, இட்லி ஊத்தல. அதுக்குன்னு மாட்டாண்ட பொய்யா?" என்றாள் அவர் பெண்சாதி.

நான் அங்கே சாணி அள்ளுகிறவள். எனக்குக் கூச்சம் அதிகம். வாசல் வழியாக வந்தால் மாட்டுக்குப் பேர் சொல்ல வேண்டுமே என்று, ஐந்து வருஷமாக வேலிச் சந்து வழியாகவே போய்வந்தேன். அவர் என் பேரைக் கேட்டதில்லை. சொல்வதானால் முதலில் மாட்டுக்குத்தான் சொல்ல வேண்டுமாம். "இன்னாம்மே" என்பார். தலையாட்டுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்றில் மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். அப்போது சீமைப் பசுதான் பால் கறக்கும் என்று, நாட்டுக் காளைகளையெல்லாம் காயடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே காளை, தொரை. அதையும் காயடித்தால் இனிமேல் அந்தக் கொல்லையில் கன்று பிறக்காது.

குட்டைமாட்டார் தொரையை அக்கம்பக்கத்து நாட்டுக் கன்றுகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். உயரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. கம்பவுண்டரையும் விடவில்லை, பேர், ஊர், உப்புமா எல்லாம் சொல்லவைத்துத்தான் உள்ளே விட்டார்.

கம்பவுண்டர் தொரை முன்னால் நின்றார். "கன்னுக்குட்டிக்கா இம்மாம் பெரிய திமிலு?"

"அதாண்டயே கேளுங்க சார்."

"வயசு இன்னாய்யா?"

குட்டைமாட்டார் வாயைத் திறந்தார். தொரை அவரையே பார்த்தது. வாயை மூடிக்கொண்டார்.

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மே."

ஞாயிறுதோறும் காதில் விழுந்த வரிசை வாயில் வந்துவிட்டது. தொரையைப் பார்த்து, "என் பேரு அஞ்சல. ஊரு சேரப்பணஞ்சேரி. காலையில கேவுரு கூழு," என்றேன்.

தொரை மெதுவாக வந்து, என் முந்தானையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. கூழ் சிந்தியிருந்தது போல.

கம்பவுண்டர் அது சப்புவதைப் பார்த்தார். "பால் மறக்காத கன்னு. இதுக்கு இன்னாத்துக்கு இப்போ," என்று பையை மூடினார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் சைக்கிள் கண்ணுக்கு மறைந்ததும் குட்டைமாட்டார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சலயா உன் பேரு? நல்லாத்தான் கீது," என்றார்.

அடுத்த வருஷம் ஒரு கிடாரிக் கன்று பிறந்தது. முயல் அளவுதான் இருக்கும். அதற்கு அஞ்சலை என்று பேர் வைத்தார். "அஞ்சல, தண்ணி குடி" என்று அவர் குரல் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. கொல்லை இருந்த இடத்தில் கம்பெனி மதில் நிற்கிறது. அஞ்சலை வழிக் கன்றுகள் ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு பண்ணையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நிஜமா என்று யாராவது சரிபார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். அங்கே போனால் நேரே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். பேர், ஊர், சாப்பிட்டது சொல்லுங்கள். அப்படியே என் பேரையும் ஒருதரம் சொல்லிவிடுங்கள்.