மல்லிகைத் தோட்டத்தில் ஒரு கார் கொட்டகை

"இந்த லீவு முடிஞ்சதும் நம்ம கார் நம்ம காம்பவுண்டுக்குள்ள நிக்கும். எழுதி வச்சுக்க."

மே மாதம் பிறந்த அன்று காலையில், பல்கூடத் தேய்க்காமல், என் வீட்டுக்காரர் இப்படியொரு தீர்மானம் போட்டார். கையில் காபி டம்ளர். இடுப்பில் கைலி. குரல் மட்டும் கவர்னர் குரல்.

எழுதி வைக்க எனக்கு நேரமில்லை. இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வெயில் காலம் வந்தால் எங்கள் வீட்டில் பொங்குவது இரண்டுதான். ஒன்று மாவு, இன்னொன்று அவர். மாவையாவது கரண்டியால் கிண்டி அடக்கிவிடலாம்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அல்லி. வரிச்சிக்குடியில் பிறந்து, வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள். வாழ்க்கைப்பட்டது காரைக்கால் தலத்தெருவில். வீட்டுக்காரர் பேர் ழெரோம். எங்கள் ஊரில் அந்தப் பேரைச் சரியாகச் சொன்னவர் இன்னும் பிறக்கவில்லை. என் அப்பா இன்றுவரைக்கும் 'ஜெயராமன் மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார். அவரும் திரும்பிப் பார்க்கிறார். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். அந்தப் பென்ஷன் அத்தைக்கு வருகிறது. அத்தை பேர் ஜெனேவியேவ். பேர்தான் அப்படி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியைப் பிடித்தாரென்றால் எங்கள் வரிச்சிக்குடிப் பெண்களே கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் அகரன், இளையவள் மரியான். இவ்வளவு பேரும் நிம்மதியாகத்தான் இருந்தோம், கார் வரும்வரை.

நாகூரில் ஒருவர் ஓட்டி அலுத்துப்போன கார் அது. வாங்கும்போது அதில் என்னென்ன இருக்கிறது என்றெல்லாம் பார்த்தார்கள். நிறுத்த நமக்கு இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. காம்பவுண்டுக்குள் இருந்த ஒரே இடத்தில் அத்தையின் பூந்தோட்டம் இருந்தது. அதனால் கார் எதிர்வீட்டுக் கமாலுதீன் பாய் வாசலில், புங்கமரத்தடியில் நின்றது. மரம் நிறையக் கொக்கு. இன்றைக்குக் கார் என்ன நிறம் என்பதைக் கொக்குகள் முடிவு செய்தன. வீட்டுக்காரர் தினமும் விடியற்காலையில் வாளியும் துணியுமாகப் போய் அந்த முடிவை அழித்துவிட்டு வருவார். மறுநாள் மறுபடி முடிவாகியிருக்கும். மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தபடியே ஜன்னல் வழியாகக் காரைப் பார்ப்பார். தூக்கத்தில் கையை வீசி "சூ" என்பார். பக்கத்தில் படுத்திருந்த நான்தான் அடி வாங்கினேன். கொக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஞானஸ்நானம் ஆன அன்று ஒரு செடி வைப்பது அத்தையின் வழக்கம். செடிக்கும் அந்தப் பிள்ளையின் பேரே. அகரன் மல்லிகை. மரியான் கனகாம்பரம். பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் லோரான்சின் பிள்ளைகளுக்கு ஒரு ரோஜா, ஒரு நந்தியாவட்டை, ஒரு அடுக்குச் செம்பருத்தி. ஒருமுறை என் அம்மா வந்திருந்தபோது, "மரியான் கண்டபடி வளர்ந்துட்டா, கொஞ்சம் வெட்டி விடணும்" என்று அத்தை கத்தரிக்கோல் கேட்டார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மே மாதம் வந்துவிட்டால் அத்தைக்கு வயது குறைந்துவிடும். விடிந்ததும் பிள்ளைகள் இரண்டும் எழுந்து நேரே தோட்டத்துக்கு ஓடும். ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னில் தண்ணீர் மொண்டு செடிக்கு மழை பெய்விப்பார்கள். மாதிரிக்கு 'ஆயா' என்று அவர்கள் கூப்பிடும் அத்தையின் தலையிலும் பெய்விப்பார்கள். சாயங்காலம் மல்லிகை மொட்டு பறிக்கும் போட்டி. விரிந்த பூவைப் பறித்தவர் தோற்றவர். அப்புறம் மூவரும் வட்டமாக உட்கார்ந்து, வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு பூக் கட்டுவார்கள். அகரன் நெருக்கமாக, அழகாகக் கட்டுவான். மரியான் கட்டுவது தலையில் வைப்பதற்குள் உதிர்ந்துவிடும். ஆம்பிளைப் பிள்ளையை உட்கார வைத்துப் பூக் கட்டச் சொல்கிறீர்களே என்று அவர் அத்தையிடம் குறைப்பட்டார். உன் அப்பா பட்டாளத்தில் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்தவர், உனக்குத்தான் இரண்டும் தெரியாது என்று அத்தை பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

தோட்டத்தைக் கேட்டு நேராக மோதினால் நடக்காது என்று அவருக்குப் புரிந்தது. பிள்ளைகள் இருப்பதால்தானே அம்மாவுக்குத் தோட்டம். பிள்ளைகளின் மனதைத் திருப்பிவிட்டால்? ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் போய்க் காற்று ஊதும் நீச்சல் தொட்டி ஒன்று வாங்கி வந்தார். பம்பு வாங்க மறந்துவிட்டார். வாயாலேயே ஊதினார். ஊதி முடித்தபோது தொட்டி நின்றது, அவர் படுத்துவிட்டார். மொட்டைமாடியில் வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டு, இனி ஒரு குஞ்சும் கீழே இறங்காது என்று என்னிடம் கண்ணடித்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் தொட்டி மல்லிகைப் பந்தலுக்கு அடியில் இருந்தது. மாடி சுடுகிறது என்று அத்தை கீழே இறக்க வைத்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே குதிக்கக் குதிக்கத் தண்ணீர் வெளியே தெறித்து, எல்லாச் செடிக்கும் தானாகவே பாய்ந்தது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே, என் பிள்ளைக்கு அப்பா மூளை என்று அத்தை மெச்சிக்கொண்டார். அந்த வாரம் தோட்டம் முன்னைக்கு இரண்டு மடங்கு பூத்தது.

அடுத்து அவர் நம்பியது கமாலுதீன் பாயை. பாய் துபாயில் கடை வைத்திருந்துவிட்டு வந்தவர். பேச்சில் சர்க்கரை அதிகம். அவரிடம் போய், என் கார் உங்கள் வாசலில் நிற்பது இடைஞ்சல்தானே, அதை அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகச் சொல்லுங்கள் என்று இவரே கெஞ்சினார். தன்னைப் பற்றித் தானே புகார் கொடுக்கச் சொன்ன மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாயும் சரியென்று வந்தார். பாய் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை, உங்கள் வீட்டுக்காரம்மா கைருன்னிஸாவுக்குக் கொடுங்கள் என்று இரண்டு முழம் மல்லிகையை வாழையிலையில் சுற்றிக் கையில் வைத்துவிட்டார். பாய் அதை மோந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"கார் பாட்டுக்கு நிக்கட்டும் தம்பி. நம்ம வாசல் உங்க வாசல் இல்லையா?"

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ரசத்தைத் தவிர.

மறுநாள், வருவது வரட்டும் என்று அத்தையிடம் நேராகவே கேட்டுவிட்டார். எதிரில் உட்கார்ந்து, கார் படும் பாடு, கொக்கு செய்யும் கொடுமை, பெயிண்டு உரிவது எல்லாவற்றையும் அடுக்கினார். நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் துடைப்பத்தோடு நின்றேன். அத்தை கோபப்படுவார், அழுவார், இரண்டில் ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அத்தை நாரைக் கிழித்துக்கொண்டே சொன்னார்:

"எடுத்துக்கடா. நானென்ன தலையில தூக்கிட்டா போகப் போறேன். ஆனா என் பேரப்பிள்ளைங்களுக்கு லீவு முடியட்டும். லீவுல ஒரு பிள்ளை இருக்கிற வரைக்கும் ஒரு இலையத் தொடக்கூடாது. எனக்கு முட்டி வலி வேற. அதுவரைக்கும் காலையில தண்ணி ஊத்துறது உன் வேலை. திருஇருதயப் படத்துல கை வச்சு சொல்லு."

அத்தை சொல்லி முடிக்குமுன்பே இவர் எழுந்து ஓடிப்போய் இயேசு படத்தில் கை வைத்தார். ஸ்டூல் போடக்கூட நேரமில்லாமல் எக்கி வைத்தார். உடனே கொத்தனார் சிங்காரவேலனுக்குப் போன். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் கடப்பாரையோடு வந்துவிடு என்று.

அப்புறம் அவர் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை விடவும் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். காலையில் செடிக்குத் தண்ணீர். பிறகு நியூஸ். வெயில் குறையாததால் பள்ளி திறப்பு தள்ளிப் போகிறது என்றார்கள். அவர் டிவியோடு சண்டை போட்டார். மறுபடியும் தள்ளிப் போயிற்று. வாசலுக்குப் போய்ச் சூரியனையே முறைத்துப் பார்த்தார். பிள்ளைகள் குதூகலத்தில் தொட்டியில் இன்னும் உயரத்திலிருந்து குதித்தார்கள்.

ஒருவழியாகத் திறந்தது. யூனிபாரம் போட்டு, இரண்டையும் அவரே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சிங்காரவேலனோடு திரும்பினார். சிங்காரவேலன் நூலைப் பிடித்து அளக்க ஆரம்பித்தார். அத்தை அவருக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னப்பா நடக்கிறது என்றார்.

"லீவு முடிஞ்சுபோச்சும்மா" என்றார் இவர்.

"யாருக்கு?"

"பிள்ளைங்களுக்கு."

"ரெண்டு பேருக்கு முடிஞ்சுது. மிச்சம் மூணு பேருக்கு இனிமேத்தானடா ஆரம்பிக்கப் போவுது. நீ பெத்தது மட்டும்தான் எனக்குப் பேரப்பிள்ளையா?"

தனக்கு ஓர் அக்கா இருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பிரான்சில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு ஜூலையிலும் ஆகஸ்டிலும். பிரான்சில் சொந்தம் இருப்பதால் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு கோடை வரும். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், கார் வந்த மயக்கத்தில் ஒரு கோடையைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார். அத்தை விடவில்லை. நாத்தனாருக்கு டிக்கெட் போட்டாயிற்று என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

சிங்காரவேலன் நூலைச் சுருட்டினார். காபிக்கு நன்றி சொன்னார்.

ஜூலையில் இவர்தான் சென்னைக்குக் கார் ஓட்டிப்போய் அவர்களைக் கூட்டிவந்தார். வந்து இறங்கியதும் மூன்றும் பையைப் போட்டுவிட்டு, "மெமே" என்று கத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடின. எங்களது 'ஆயா' என்றும் அவர்களது 'மெமே' என்றும் இரண்டு பக்கமும் இழுக்க, அத்தை நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் திட்டினார், இரண்டிலும் சிரித்தார். ஒவ்வொன்றும் தன் பேருள்ள செடியைத் தேடிப்போய்த் தோளோடு தோள் நின்று உயரம் பார்த்தது. ரோஜாப் பிள்ளை ரோஜாவை விடக் குட்டையாக இருந்ததில் ஒருநாள் முழுக்க அழுகை. பள்ளி விட்டு எங்கள் பிள்ளைகள் வந்ததும் ஐந்தும் சேர்ந்து மொட்டு பறிக்க இறங்கும். மாமாவை அவர்கள் பாஷையில் 'தோந்தோன்' என்பார்கள். அது தன் தொந்தியைப் பார்த்து வைத்த பேர் என்று இவர் வாரக்கணக்கில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்.

செப்டம்பர் பிறந்தது. பிரெஞ்சுக் கூட்டத்தை விமானம் ஏற்றியாயிற்று. அங்கே மூன்று பேரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள் என்று லோரான்ஸ் படம் அனுப்பினார். அதை அவர் பெரிதாக்கி, மூன்று முகமும் பெஞ்சில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டார். இங்கே காலாண்டு லீவு வருமுன், மழை இறங்குமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒரே பறப்பு. கொஞ்ச நாளாக எனக்குத் தலைசுற்றலாக இருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. காரில் பெட்ரோல் வாடை, ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிங்காரவேலன் மறுபடி வந்தார். கடப்பாரையை இந்தமுறை வீட்டுக்காரரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். முதல் குத்து தன்னுடையதாக இருக்க வேண்டுமாம். அத்தை வேலியோரம் வந்து நின்று, படத்தில் கை வைத்து என்ன சொன்னாய் என்று மறுபடி சொல்லச் சொன்னார். இவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் இந்த நிமிஷம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எத்தனை பிள்ளைங்க?" என்றார் அத்தை.

"அஞ்சு. நாத்தனார் மூணு, நம்மது ரெண்டு." பதற்றத்தில் தன் அக்காவையே நாத்தனார் ஆக்கிவிட்டார்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

"ஆறுங்க" என்றேன்.

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. முதலில் விரலை மடக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் பூராவும் பல்லாயிற்று. கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், சிங்காரவேலன் நிற்பது ஞாபகம் வந்து பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கமாலுதீன் பாய் வீட்டுப் பக்கம் பார்த்துக் கையாட்டினார். அப்புறம்தான் மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு இறங்கியது.

"அம்மா, அது இன்னும் பொறக்கவே இல்லையே."

"அதான்டா. பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வரைக்கும் அதுக்கு எல்லா நாளும் லீவு."

சிங்காரவேலன் இருமினார். அப்படியென்றால் தான் மறுபடி எப்போது வருவது என்று தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டார்.

"ஞானஸ்நானத்துக்கு வாப்பா. கடப்பாரை வேணாம், வெறுங்கையோட வந்து சாப்பிட்டுட்டுப் போ."