கடைசிக் கட்டத்து நீலம்

வீட்டு வேலைக்கு வரும் வீரம்மா செம்புத் தண்ணீரை ஊற்ற, சோதனைப் பட்டையிலிருந்த ரத்தம் கழுவுண்டுபோய் நிறம் தெரிந்தது. பட்டைப் புட்டியில் அச்சிட்ட ஆறு நிறக் கட்டங்களில் கடைசிக் கட்டத்து நீலம். ரத்தச் சீனி உச்சத்தில் நிற்கிறது.

"என்னாங்க தின்னீங்க?" என்றாள் பவுலின்.

"ஒண்ணும் தின்னல," என்றார் அவள் புருஷன் லியனார்ட்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர் அவர். சீனி வியாதிக்காரர். வீட்டிலேயே சோதிக்கும் இந்தப் பட்டைகளை லண்டனிலிருந்து மைத்துனன் அனுப்பியிருந்தான். சனிக்கிழமை மகள் சிசிலிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமையும் இதே நீலம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி வார்டுதான் என்று தோட்டத்து டாக்டரய்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளைக் கைப்பிடித்துப் மாதாகோயில் பீடம்வரை கூட்டிப்போக முடியாதோ என்று லியனார்ட் பயந்தார்.

"பட்டை பொய் சொல்லுமா?" என்றாள் பவுலின்.

பால் விடாத பிளேன்டீயை ஒரு மடக்குக் குடித்து, உள்ளங்கையில் கொட்டி வைத்திருந்த சீனியை நக்கிக்கொண்டாள். அவர் ஏக்கத்தோடு பார்த்தார். அவர் கோப்பையில் சீனி விழுந்து மூன்று மாதமாகிறது.

"கல்யாணக் கேக்குல ஒரு ஓரம் எடுத்தேன். ஆனா அது போன வாரம்."

அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. சோறு நின்று ரொட்டி வந்தது. மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில் பவுலின் அவர் விரலைக் குத்திப் பிழிந்து பட்டையில் வைத்தாள். நீலம் இன்னும் கறுத்திருந்தது.

"இன்னும் எதையோ மறைக்கிறீங்க."

"ஃபேக்டரி இராமையா வீட்டுல பாயாசம். ரெண்டு கிளாசு. தீவாளிக்கு."

வியாழக்கிழமை ரொட்டியும் போய்ப் பாகற்காய்ச் சாறு மட்டும் மிஞ்சியது. மேல்மலைக்கு இரண்டு தடவை நடந்தும் வந்தார். அன்றைக்கும் நீலம்தான். ஃபேக்டரி டிராயரில் இருந்த கித்துள் பனையின் இனிப்புப் பாணிப் போத்தலையும் ஒப்புக்கொண்டார். அது காலியாகி ஒரு வருஷம் என்பதைப் பவுலின் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரய்யாவே வந்துவிட்டார். பயத்தில் பவுலின் மூன்று கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். பிழிந்த பிழியில் லியனார்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீரம்மா தண்ணீர் ஊற்றினாள்.

புட்டிக் கட்டங்களிலேயே இல்லாத நீலம்.

"உண்மையச் சொல்லுங்க," என்று பவுலின் அழுதாள்.

தின்றதெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. பட்டினியில் லியனார்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பா படத்த ஒடச்சது காத்து இல்ல பவுலின். நான்தான்."

டாக்டரய்யா எழுந்தார். "போதும். உடுப்ப எடுத்து வைங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

செம்பைக் கீழே வைத்த வீரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அம்மா, நீங்க கைச்சீனியோடயே ஐயா வெரலப் பிழியுறீங்களே, அந்தச் சீனியும் பட்டையில காட்டுங்களா?"