மாலை போடும் முன் குனிந்து பார்க்கவும்

நான் ஒரு தடவை சுல்தானாக இருந்திருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் இருக்கலாம். அதற்குள் ஒரு பள்ளிக்கூடமே எனக்கு வாழ்த்துச் சொன்னது, தலைமையாசிரியர் ஒருவர் நடுரோட்டில் என் முன்னால் குனிந்தார், கழுத்தில் மாலையும் விழுந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் நினைத்தால் காது மடல் சூடாகிவிடும் (என் மனைவி தொட்டுப் பார்த்து உறுதி செய்திருக்கிறாள்).

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருடம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. மலாக்கா காஜா பேராங்கில் சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவரின் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் வேலை. திருவிழா சமயங்களில் கோயிலுக்கு மைக் செட் கட்டுவேன். அதனால் ஊரில் எனக்குப் பெயரே 'மைக் செட்டு ராமையா'. என்னைப் போல் ஒயர் தெரிந்தவன் சிங்கப்பூர் வரைக்கும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால் புரியவில்லை.

பக்கத்துத் தமிழ்ப் பள்ளியின் பெரிய வாத்தியார் அருணாசலத்துக்கு அந்த நினைப்பு துளியும் கிடையாது. காரணம் இருந்தது. பொங்கல் விழாவில் அவர் பேச எழுந்தபோது நான் கட்டிய மைக் 'கூ...' என்று ஊளையிட்டது. அவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தும்; அவர் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும். அந்த மனிதரின் மகள் தனலெட்சுமியைத்தான் நான் பெண் கேட்டு என் பெரியப்பாவை அனுப்பினேன்! தனம் அதே பள்ளியில் முதலாம் வகுப்பு டீச்சர். கூட்டத்தில் எல்லோரும் காதைப் பொத்தியபோது அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்துச் சிரித்தவள்.

"கத்துற மைக்க நிறுத்தத் தெரியாதவனுக்கா என் பொண்ணு? கவர்மெண்டு கிராணி ஒருத்தன் கேட்டிருக்கான். மாசி முடியட்டும், பதில் சொல்றேன்" என்று பெரியப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கிராணி என்றால் அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். நானோ காரின் அடியில் மல்லாந்து கிடக்கிற ஆள். வேறு வழி தெரியாமல் முருகனிடம் போனேன். தனம் கிடைத்தால் பக்கத்து ஊரான செங் முருகன் கோயில் மாசி மகத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு (காரியம் முடிகிறவரை பொறுக்கவில்லை, முன்கூட்டியே) விரதத்தையும் தொடங்கிவிட்டேன். தாடி வளர்ந்தது. வேலை முடிந்ததும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, நெற்றியில் சந்தனத்தோடு கோயிலுக்குப் போவேன்.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே ஒரு மாநிலத்துச் சுல்தான் மலாக்காவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் ஊரில் ராஜா கிடையாது. போர்த்துகீசியன் வந்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆகவே ராஜா எப்படியிருப்பார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அவர் பத்து பெரெண்டாம் விமானத் திடலில் இறங்கி, எங்கள் தெரு வழியாகத்தான் டவுனுக்குப் போவார் என்றதும் பெரிய வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாழை மரம் கட்டி வளைவு வைத்தார். கார் எப்படியும் நிற்காது, வேகத்தையாவது குறைக்கட்டுமே என்று ஆசைப்பட்டார். ஒரு வாரமாகப் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சி. "என்ன நடந்தாலும் சரி, மூணு தடவை 'டௌலாட் துவாங்கு'ன்னு சொல்லணும். நடுவுல நிறுத்தினா பிரம்படி!" என்பார். மலாயில் அரசரை அப்படித்தான் வாழ்த்துவார்கள்.

அன்றைக்கு நண்பகலில் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. தவுக்கே டீக்குவளையைக் கீழே வைக்க மறந்து நின்றார். கறுப்பும் தந்த நிறமுமாக ஒரு வீடே சக்கரம் கட்டி வந்த மாதிரி இருந்தது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் அரச முத்திரை. டிரைவர் பாக் டோலா, தலையில் சொங்கோக் தொப்பி, வெள்ளை மீசை. முப்பது வருடம் அரண்மனை வண்டி ஓட்டியவர். மலாயில் அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வாய் மூடவில்லை. எஞ்சினும் அடிச்சட்டமும் இங்கிலாந்தில் ஒரு கம்பெனியாம். மேல் உடம்பு முழுக்க வேறொரு பட்டறையில் தகடு தகடாகக் கையால் தட்டிக் கட்டியதாம். இந்த மாதிரி உலகத்திலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுதானாம். காசு இருக்கிறது என்று கோடீஸ்வரன் போய் நின்றாலும் கொடுக்க மாட்டார்களாம். மன்னர்களுக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் மட்டும்தான். அரசர் தலைப்பாகை இடிக்காமல் இருக்கக் கூரையை உயர்த்தியிருந்தார்கள். ஊர்வலத்தில் மனிதர் நடக்கிற வேகத்துக்குப் போகத் தனியாக ஒரு கியர்கூட இருந்தது.

டிரைவருக்கும் பின் இருக்கைக்கும் நடுவே தடித்த கண்ணாடித் தடுப்பு. பின்னால் உட்கார்ந்து அரசர் சொல்வது, டிரைவர் தலைக்கு மேலுள்ள சின்ன ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். அது ஊமையாகிவிட்டது. ஊரில் விசாரித்தால் எல்லோரும் கைகாட்டியது, சாட்சாத் இந்த மைக் செட்டு ராமையாவைத்தான்.

பாக் டோலா கதவைத் திறந்தார். முன் இருக்கை தோல், பின் இருக்கை வெறும் துணி. "என்ன பாக், டிரைவருக்குத் தோல், ராஜாவுக்குத் துணியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெயிலுக்கும் மழைக்கும் தாங்கட்டும் என்று வேலைக்காரனுக்குத் தோல். மெத்தென்று இருக்கட்டும் என்று ராஜாவுக்குக் கம்பளித் துணி, அதுவும் பால் நிறத்தில். என் காக்கி உடுப்பிலிருந்த கிரீஸைப் பார்த்து, "இதோட உள்ளே ஏறினால் என் வேலை போச்சு" என்றார். மாற்றுத் துணியாக என்னிடம் இருந்தது கோயில் உடுப்புதான். குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு (குளித்ததும் கை தானாகச் சந்தனத்தைப் பூசிவிட்டது, என்ன செய்ய) பின் இருக்கையில் ஏறினேன். மலாய்க்காரர்களிடம் மஞ்சள் அரச குடும்பத்து நிறம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அந்த அறிவு எங்கே போய்த் தொலைந்ததோ.

ஒயரையெல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சத்தம் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பியும் பேச்சு வரவில்லை. "ஓடும்போது ஆட்டத்தில்தான் பிழை தெரியும், ஒரு சுற்று போகலாம். நீ பேசிக்கொண்டே வா" என்றார் பாக் டோலா. அரசரை அழைத்துவர இன்னும் நேரமிருந்தது. ஊர்வலக் கியரையும் சோதித்த மாதிரி இருக்கும் என்று நடை வேகத்தில் வண்டியை விட்டார்.

ஐயோ, அந்தச் சொகுசு! கடிகார முள் சத்தத்தைத் தவிர உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சொல்லிக்கொண்டே கால் நீட்டிச் சாய்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே வாழை மர வளைவு! இரண்டு பக்கமும் கொடியோடு பிள்ளைகள். நடுவில் சரிகை அங்கவஸ்திரத்தோடு பெரிய வாத்தியார், கையில் ரோஜா மாலை.

"பாக்! நிப்பாட்டுங்க! திருப்புங்க!" என்று கத்தினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார். (பின்னால் கேட்டபோது, "உன் வாய் அசைந்தது, சோதனை நடக்கிறது என்று நினைத்தேன்" என்றார்.) ஜன்னலை இறக்கும் பிடி எது என்று தெரியவில்லை. கைக்கு வந்ததைத் திருகினேன். மரப்பலகை திறந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் வெளியே நின்றவர்களைப் பார்த்து, 'நான் இல்லை, நான் இல்லை' என்று இரண்டு கையையும் ஆட்டினேன். ராஜா கையசைக்கிறார் என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. 

வாத்தியார் நடுரோட்டுக்கே வந்துவிட்டார். பாக் டோலா பிரேக் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். முப்பது வருடப் பழக்கம், மனிதர் இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு விறைப்பாக நின்றார். வாத்தியார் மரியாதைக்காகத் தலையைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். அரசர் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குனிந்தபடியே மாலையை என் கழுத்தில் போட்டார். பின்னால் நின்ற தனம் பன்னீர்ச் செம்பை எடுத்து என்மேல் தெளித்தாள். "டௌலாட் துவாங்கு!" என்று பிள்ளைகள் முழங்கினார்கள்.

வாத்தியார் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"டேய்... நீ மைக் செட்டு ராமையா இல்ல?"

"ஆமா சார்."

"நீ எங்கடா இங்க?"

"ஒயரு பாக்க வந்தேன் சார்."

"டௌலாட் துவாங்கு!" இது இரண்டாவது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டும் பிள்ளைகள் நிறுத்தவில்லை. பிரம்புக்குப் பயந்து மூன்றாவதையும் சொல்லி முடித்தார்கள்.

"அலாமாக்!" என்று அலறிய பாக் டோலா கதவை அறைந்து சாத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருக்கையில் தொப்பென்று விழுந்து, "முருகா! பொண்ணு கேட்ட இடத்துலயே இப்படி மாட்டி விட்டுட்டியே! தனத்துக்காகத்தானே தாடி வெச்சேன், பச்சைத் தண்ணியும் ஒரு வேளைச் சோறுமா கெடந்தேன்! இனிமே அந்த மனுஷன் என் மூஞ்சியில முழிப்பாரா?" என்று வாய்விட்டுப் புலம்பினேன். நான் விழுந்த வேகத்தில் எந்த ஒயர் எதோடு ஒட்டியதோ, அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி வேலை செய்தது. சத்தமோ முழுக்கக் கூட்டி வைத்திருந்தது. முன்கதவோ திறந்தே கிடந்தது. ஒரு சொல் விடாமல் தெருவே கேட்டது. என் வாழ்க்கையில் நான் கட்டிய மைக் ஊளையிடாமல் தெளிவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும், பெண் கேட்டது முதல் முழுக் கதையையும் பாக் டோலாவிடம் சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு விமானத் திடலுக்குப் போனார். என் கவலையெல்லாம் வாத்தியாரைப் பற்றித்தான். பாவம், ஒரு வாரம் உழைத்தவர். மாலை போச்சு, மானமும் போச்சு. ஒருத்தர் கழுத்தில் விழுந்த மாலையை அரசருக்குப் போட முடியுமா? வெறும் கையோடு வளைவின் கீழ் நின்றிருந்த அவரை, ஒர்க்‌ஷாப் தகரத்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது. நிற்காது என்று சொன்ன கார் வளைவின் கீழ் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே உண்மையான சுல்தான், சாதாரணக் கோட்டும் டையும் போட்டு, முழுக்கச் சவரம் செய்த முகம் (என்னளவுக்குக்கூட ராஜாக் களை இல்லை என்று தவுக்கே பிற்பாடு சொன்னார்). வாத்தியாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, சிரித்துக்கொண்டே மலாயில் கேட்டார்.

"வாத்தியாரே, நீங்கள் மாலை போட்டு வரவேற்ற மருமகன் சௌக்கியமா?"

விமானத் திடலிலேயே பாக் டோலா முழுக் கதையையும் அரசரிடம் சொல்லியிருக்கிறார். வாத்தியார் திணறினார். இல்லை, அவன் என் மருமகன் இல்லை என்று அரசரிடம் மறுத்துப் பேச அந்த மரியாதை தெரிந்த மனிதருக்கு நாக்கு வரவில்லை.

"சௌக்கியம், துவாங்கு" என்றார்.

அவ்வளவுதான். பெரிய காரில் வந்து இறங்கிய மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் மாலை போட்டு, பன்னீர் தெளித்தால் அதற்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்று பெயர். அதைப் பெரிய வாத்தியாரே ஐம்பது பிள்ளைகள் முன்னால் நடத்திவிட்டார் என்று காஜா பேராங் முழுக்கப் பேச்சு. மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். நான் காரின் அடியிலிருந்து வெளியே வரப் பயந்து அங்கேயே கிடந்தேன்.

"ராமையா, நெசமாவே அவளுக்காகத்தான் அந்தத் தாடியா?"

"ஆமா சார்."

அவர் செருப்பு என் கண்ணெதிரே இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. "காவடிய ஒழுங்கா எடுத்து முடி. அப்புறம் பெரியப்பாவ அனுப்பு. ராஜாகிட்டப் பொய் சொன்னவன்னு எனக்குப் பேர் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குத் தவுக்கே தன் ஓட்டை மோரிஸ் காரைக் கொடுத்தார். வாத்தியார், இப்போது என் மாமா, மாலையோடு வந்தார். உடனே போடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, என் முகத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"நீதானா?"

"நாந்தான் மாமா."

மண்டபமே சிரித்தது. பிறகுதான் மாலை போட்டார். அன்றைக்கு ராத்திரி தனம் இன்னொரு குண்டைப் போட்டாள். கார் வளைவுக்கு வரும்போதே உள்ளே இருப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

"பின்ன ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"போடட்டும்னுதான்" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை கார் வந்து நின்றால், மாலை போடுகிறவர் முதலில் குனிந்து பார்த்து "நீதானா?" என்று கேட்பார். மாமா இருக்கும்வரை அவர் கேட்டார். கேலியாக ஆரம்பித்தது, பிள்ளைகள் காலத்தில் சடங்காகிவிட்டது. போன மாதம் பேத்தி கல்யாணத்தில் ஈப்போ சம்பந்தி, இது எந்த ஊர் வழக்கம் என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயர் முந்திக்கொண்டு, "பரம்பரை பரம்பரையா வர்ற சம்பிரதாயங்க, விடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். மாலையை என் கையில் கொடுத்தார்கள். முதுகு வலியோடு குனிந்து கேட்டேன்.

"நீதானா?"

"நாந்தான் தாத்தா" என்றான் அந்தப் பையன், எல்லோரும் சொல்லிக் கொடுத்தபடி. எனக்குப் பின்னால் பன்னீர்ச் செம்போடு நின்ற தனம், அவனை விட்டுவிட்டு என்மேல் தெளித்தாள்.