கடலை ஒட்டி ஒரு கரை

2024 அக்டோபர் 14 அன்று, வெள்ளகோவிலை அடுத்த குள்ளாண்டிவலசில் கடல் அரண் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

கடல் உள்ள ஊரில் கடலுக்குக் கரை கட்டுவது பெரிய காரியமல்ல. டச்சுக்காரர்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் மூழ்கிவிடுவார்கள், பாவம், வேறு வழியில்லை. எந்த நெருக்கடியும் இல்லாமல் கட்டிய பெருமை கொங்கு நாட்டுக்கே உரியது.

இந்தப் பெருமைக்கு வித்திட்டவர் பழனியாத்தாள். குத்தகைக் காட்டில் நிலக்கடலை போட்டிருந்தார். மழை வந்தால் மேற்கேயுள்ள பள்ளத்து ஓடைத் தண்ணீர் ஏறிப் பயிரைக் கெடுத்துவிடும். இந்த வெள்ளாமையும் போனால் குத்தகையும் போய்விடும். எனவே ஒரு மனு எழுதினார். பேச்சில் அவருக்கு நிலக்கடலை 'கல்லக்கா'தான். மனு என்பதால் மரியாதையாகக் 'கடலை' என்றார்.

"மழைக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது. கடலை ஒட்டி ஒரு கரை போட்டுத் தர வேண்டும்."

'கடலையை' என்று எழுதியிருக்கலாம். அந்த ஒரு 'யை' இல்லாததால் மனு வேளாண்மைக்குப் போகாமல், கடலோரப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனது. அரசு இயந்திரம் மெத்தனமானது என்பவர்கள் கவனிக்க: மனு அங்கே போன ஒரே மாதத்தில் ஒதுக்கீடு வந்தது. கூடவே பொறியாளர் கிருபாசங்கரும் வந்தார். பீளமேட்டுக்காரர், புயலில் கடல் பொங்கும் ஓதங்களில் நிபுணர்.

"ஏனுங்கம்மா, இங்க ஓதம் ஏறுமுங்களா?"

"ஏறாம என்னங்க? ஐப்பசி பொறந்தா, ஊட்டுச் செவுத்துல இடுப்பு மட்டும் ஏறிப்போடும்."

'புயல் ஓதம்: இடுப்பளவு' என்று குறித்துக்கொண்டார்.

"அலை?"

"ஒரு வருசமா அலையறனுங்க கண்ணு. தாலுக்காபீசு, கலெக்டராபீசு... இன்னும் ஓயலீங்க."

'ஓயாத அலை.'

அரணுக்கு ஒரு வரலாறு வேண்டுமே? ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதித் தந்தார். பக்கத்தில் கொடுமணல் இருக்கிறது. மணல் இருந்தால் கடல் இருந்திருக்க வேண்டும். இந்த 'ஆய்வு முடிவு' கருங்கல்லில் செதுக்கப்பட்டது.

சுவர் நெஞ்சுயரம் எழும்பியபோதுதான் பழனியாத்தாள் ஓடிவந்தார்.

"ஏனுங் சார், பள்ளம் மேக்கால இருக்குது. நீங்க கெழக்கால கட்டறீங்களே?"

"கடல் கெழக்காலதானுங்க இருக்குது அம்மணி. மூணாங்கிளாஸ் பாடமுங்க."

"அது இருந்துட்டுப் போவுதுங்க. காட்டுத்தண்ணி கெழக்காலதான வடியோணும்? அதையும் அடைச்சுப்போட்டா கல்லக்கா அத்தனையும் முங்கிப்போகுமுங்க!"

"கல்லக்காயா? அது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"நா கடலைன்னு எழுதுனது அதத்தானுங்க சாமி!"

கிருபாசங்கர் மனுவை எடுத்து மறுபடி படித்தார். அவர் மூளையுள்ளவர், விளங்கிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கடல்னா எங்க டிபார்ட்மெண்ட்டுங்க. கல்லக்கான்னா அக்ரி. ஒதுக்கீடு வந்த பொறகு அது கடல்தானுங்க."

"செரி, தண்ணி போக ஒரு மடையாச்சும் உடுங்க."

"கடல் அரண்ல ஓட்டை போடறதுங்களா? டிசைன்ல இல்லீங்க."

"மடை இல்லாம கட்டறவிங்களைத்தானுங்க எங்கூர்ல மடையன்ம்பாங்க."

கொங்கு நாட்டில் திட்டுக்கும் 'ங்க' உண்டு. கிருபாசங்கர் அதை மரியாதையாகவே ஏற்றுக்கொண்டார்.

திறப்பு விழாவில் சங்கு ஊதினார்கள். அடுத்த வாரம் மழை பிடித்தது. பள்ளத்துத் தண்ணீர் மேற்கிலிருந்து காட்டுக்குள் இறங்கியது. கிழக்கே அரண் ஒரு சொட்டுக்கூட வெளியே விடவில்லை. அவ்வளவு தரமான கட்டுமானம். கேள்விப்பட்டு நான் பார்க்கப் போனபோது காடு முழுக்கத் தண்ணீர். கிருபாசங்கர் சுவர்மேல் நின்று கண்கலங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சார்? கடல் இல்லே, கடல் இல்லேன்னாங்க. இதென்னங்க?"

பழனியாத்தாள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு செடியைப் பிடுங்கினார். காயெல்லாம் முளைவிட்டிருந்தது.

"நீங்களே கொண்டாந்து உட்டுப்போட்டு, நீங்களே கேக்கறீங்களே!" என்றார்.

பழந்தமிழர் இதைக் கடல்கோள் என்பார்கள். அவர்கள் காலத்தில் அதைக் கடல் செய்தது.

அலுவலகம் அறிக்கை அனுப்பியது: 'அரண் இல்லாதிருந்தால் கடல் ஊருக்குள் புகுந்திருக்கும்.' பழனியாத்தாள் பயிர் நிவாரணம் கேட்டார். கடற்பரப்பில் சாகுபடி செய்தது விதிமீறல் என்று பதில் வந்தது. நிலத்துக்காரர் குத்தகையை முடித்துக்கொண்டார். பழனியாத்தாள் இப்போது காங்கேயத்தில், தேங்காய் உலர்த்தும் களத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்.